இலையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழுமையான வழிகாட்டி

இலையைப் பறித்து எடை போட வேண்டும், காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது தண்ணீர். கணக்கு இவ்வளவுதான். ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கடலோரத்தில் அந்தச் சின்னக் கணக்கைக் கெடுக்க மூன்று சங்கதிகள் இருக்கின்றன. பறித்த இலையை வழியிலேயே உலர்த்திவிடும் காற்று ஒன்று. இலைமேல் படிந்து ஈரத்தை இழுக்கும் உப்பு இரண்டாவது. ஓவனிலிருந்து எடுத்த இலைக்குள் திரும்பப் புகும் கடல் ஈரம் மூன்றாவது. உள்நாட்டு ஆய்வகத்துக்காக எழுதிய குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றினால் இந்த மூன்றில் ஒன்றில் நிச்சயம் மாட்டிக்கொள்வோம்.

எந்த எண் வேண்டும்?

தராசைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். இலையின் நீரைச் சொல்ல நான்கு எண்கள் புழக்கத்தில் உள்ளன.

பச்சை எடையில் தண்ணீர் எத்தனை சதவீதம் என்பது முதலாவது. ஒரு கிராம் உலர் எடைக்கு எத்தனை கிராம் தண்ணீர் என்பது இரண்டாவது. ஒரு சதுர செ.மீ. இலையில் எத்தனை மில்லிகிராம் தண்ணீர் என்பது மூன்றாவது. நான்காவது ஒப்பு நீர் அளவு: அந்த இலை முழுக்கக் குடித்தால் பிடிக்கக்கூடிய தண்ணீரில் இப்போது எத்தனை பங்கு கையிருப்பு என்பது. ஆய்வகங்களில் இதைத்தான் ஆர்.டபிள்யூ.சி. என்கிறார்கள். தாவர ஆய்வாளர் வெதர்லி 1950-இல் பருத்தி இலைகளை வைத்து இதற்கு வழி வகுத்தார். 1962-இல் பார்ஸும் வெதர்லியும் சேர்ந்து ஊறவைக்கும் முறையைத் திருத்தினார்கள். இன்றுவரை அடிப்படை அதுதான்.

செடி தாகத்தில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நான்காவது எண்ணை எடுங்கள். காரணத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். முண்டு மிளகாய் இலையில் 1 செ.மீ. விட்டமுள்ள பத்து வட்டுகளை வெட்டியதாக வைத்துக்கொள்வோம். உலர் எடை 0.027 கிராம். முழுக்க ஊறியபின் எடை 0.187 கிராம். அதாவது அந்த இலை பிடிக்கக்கூடிய தண்ணீர் 0.160 கிராம். வயலில் வெட்டியபோது எடை 0.152 கிராம், அப்போது இருந்த தண்ணீர் 0.125 கிராம்.

ஒப்பு நீர் அளவு 0.125-ஐ 0.160-ஆல் வகுத்தால் 78 சதவீதம். கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காலி. அதே இலைக்குப் பச்சை எடைச் சதவீதம் போட்டால் 82.2 வரும். முழுக்க நிரம்பிய நிலையிலேயே அது 85.6 தான். இலை 22 புள்ளி இழந்திருக்க, பச்சை எடைச் சதவீதம் மூன்றரைப் புள்ளிகூட இறங்கவில்லை. தண்ணீர் குறையும்போது வகுக்கும் எண்ணும் கூடவே குறைந்துவிடுகிறது. இதைப் பார்த்து “பயிர் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிடுவது எளிது. தீவனத்துக்கோ உரத்துக்கோ தழையின் ஈரம் பார்க்கப் பச்சை எடைச் சதவீதம் போதும். பயிரின் தாகம் பார்க்க அது உதவாது.

தேவையான பொருட்கள்

தராசுதான் முக்கியம். மேலே சொன்ன பத்து வட்டுகளின் எடை 0.15 கிராம் அளவில்தான் நிற்கிறது. சமையலறைத் தராசு இதற்குச் சுத்தமாக ஆகாது. 0.01 கிராம் காட்டும் தராசில் கடைசி இலக்கம் ஒன்று தள்ளினாலே 6, 7 சதவீதப் பிழை. 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும். நகைக்கடைகளில் வைத்திருக்கும் மில்லிகிராம் தராசும் போதும். 0.01 தராசு மட்டுமே கிடைத்தால் வட்டு வெட்டாமல் முழு இலைகளாக 5 கிராமுக்குக் குறையாமல் எடுங்கள்.

மற்றவை: 1 செ.மீ. விட்டமுள்ள கூர்மையான கார்க் துளைப்பான், அடியில் வைக்க ரப்பர் ஷீட், ஜிப்லாக் கவர்கள், தெர்மகோல் பெட்டி, மூடியுள்ள கண்ணாடித் தட்டுகள், ஃபில்டர் பேப்பர், அலுமினியத் தாள், சிலிக்கா ஜெல், 80 டிகிரியில் நிற்கும் ஹாட் ஏர் ஓவன். காய்ந்த மாதிரியை ஈரம் படாமல் ஆறவைக்கும் டெசிகேட்டர் இல்லாவிட்டால் நன்றாக இறுகும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சிலிக்கா ஜெல்லைப் பரப்பி, மேலே ஒரு சல்லடைத் தட்டு வைத்துக்கொள்ளலாம். நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். ஓவனில் காயவைத்து நீலம் திரும்பியபின் பயன்படுத்துங்கள்.

ஊறவைக்கும் தண்ணீரில் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. உப்புத் தண்ணீரில் இலை முழுக்கக் குடிக்காது. ஊறிய எடை குறைந்து, ஒப்பு நீர் அளவு இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் சரியாக இருக்கும். அது இல்லாவிட்டால் ஆர்.ஓ. கேன் தண்ணீர். அதில் மிஞ்சியிருக்கும் உப்பு இலை குடிப்பதைத் தடுக்கும் அளவுக்கு இருக்காது.

எந்த இலை, எந்த நேரம்

ஒரே செடியில் நுனித் தளிரும் அடி இலையும் வேறு வேறு எண் காட்டும். நன்றாக விரிந்து முடிந்த இலைகளில் மேலே உள்ளதை எடுங்கள். மிளகாயில் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலை. தளிர் வேண்டாம்: ஊறும்போதே அது வளரும், வளர்ச்சிக்குக் குடித்த தண்ணீரும் கணக்கில் ஏறிவிடும். நிழலில் இருந்த இலையையும் வெயிலில் இருந்த இலையையும் கலக்காதீர்கள். பூச்சி கடித்தது, ஓரம் கருகியது, மண் ஒட்டியது எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

நேரம் இரண்டு. விடியுமுன் எடுத்தால் மண்ணில் ஈரம் எப்படி என்று தெரியும், ஏனென்றால் இரவு முழுக்க வேர் குடித்து இலை தேறியிருக்கும். நண்பகல் 12-லிருந்து 2 மணிக்குள் எடுத்தால் செடி படும் பாடு தெரியும். மிளகாய்ச் செடி மதியத்தில் கொஞ்சம் தொங்குவதை வைத்து உடனே தண்ணீர் பாய்ச்சுபவர்கள் உண்டு. மதியம் 75, விடியலில் 95 என்று வந்தால் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறது, வெயிலுக்குத்தான் ஈடுகொடுக்க முடியவில்லை. விடியலிலும் 80-ஐத் தாண்டாவிட்டால்தான் மண்ணில் ஈரம் தீர்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் பாசன முடிவுக்கு விடியலை எடுங்கள்.

விடியலில் ஒரு தொல்லை பனி. ஈரம் தெரியும் இலையை இரு பக்கமும் ஃபில்டர் பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கவரில் போட வேண்டும்.

எத்தனை மாதிரி? ஒரு வயலுக்குக் குறைந்தது ஐந்து செடி, செடிக்கு ஒரு மாதிரி. ஒரே செடியில் ஐந்து மாதிரி எடுத்தால் அந்தச் செடியைப் பற்றி மட்டும்தான் தெரியும்.

பறித்தது முதல் தராசு வரை

வேலை பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். நன்றாக நீராவி விட்டுக்கொண்டிருக்கும் இலை வெயிலில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு அரை மில்லிகிராம் அளவுக்குத் தண்ணீரை விடும். மிளகாய் இலையின் எடையே சதுர செ.மீ.க்கு 20 மில்லிகிராம் சுமார்தான். பறித்தபின் இலைத்துளைகள் மூட நேரமாகும். அதற்குள் ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாலே எடையில் 2, 3 சதவீதம் போயிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலோடு வீசும்போது இன்னும் மோசம்.

ஆகவே கவர் முதலில், கத்தரி பிறகு. இலை செடியில் இருக்கும்போதே அதை ஜிப்லாக் கவருக்குள் நுழைத்து, காம்பைக் கவரின் வாயோடு வெட்டி, உடனே மூடுங்கள். கவரில் செடி எண்ணை முன்பே எழுதி வைத்திருங்கள். உள்ளே காற்று அதிகம் வேண்டாம். கவர் நேராகத் தெர்மகோல் பெட்டிக்குள் போகட்டும்.

பெட்டிக்கும் ஐஸுக்கும் மண்டபம், பாம்பன் பக்கம் பஞ்சமில்லை. மீன் பெட்டியாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஐஸ்மேல் நேரடியாக இலைக் கவரை வைக்காதீர்கள். ஐஸ், அதன்மேல் மடித்த செய்தித்தாள், அதன்மேல் கவர். ஐஸில் பட்ட இடத்தில் இலை உறைந்து செல் உடையும். அந்த இலையை ஊறவைத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் கசியவிடும். குளிர்ந்த கவரை வெளியே எடுத்தவுடன் திறந்தால் காற்றின் ஈரம் இலைமேல் முத்து முத்தாகப் படியும். பெட்டியிலிருந்து எடுத்து, கவர் மூடியபடியே கால் மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். பிறகு திறங்கள். கவரின் உள்பக்கம் துளிகள் இருந்தால் அது இலையிலிருந்து போனதுதான். அப்படி வந்த மாதிரியை விட்டுவிடுவது நல்லது. பறித்து இரண்டு மணி நேரத்துக்குள் எடை போட்டுவிடுங்கள்.

வட்டு வெட்டுதல், பச்சை எடை

ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். தராசின் நீர்மட்டக் குமிழி நடுவில் இருக்கிறதா பாருங்கள், கூடக் கொடுத்த எடைக்கல்லால் ஒருமுறை சரிபாருங்கள்.

நடு நரம்பை விட்டு, இலைக்கு இரண்டு மூன்று வட்டாக மொத்தம் பத்து வட்டு. துளைப்பானை ரப்பர் ஷீட்மேல் வைத்து ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். மழுங்கிய துளைப்பானைத் திருகித் திருகி வெட்டினால் ஓரம் நசுங்கிக் கரும்பச்சையாகும். ஊறும்போது அந்த ஓரம் வழியே இலையின் உள்காற்றிடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். அகலமான இலைகளில், உதாரணமாகப் பூவரசில், 2 செ.மீ. வட்டு எடுப்பது மேல். பரப்போடு ஒப்பிட்டால் வெட்டு ஓரம் பாதியாகிறது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மில்லிமீட்டர் மணல் துகள் ஒன்றின் எடை 0.17 மில்லிகிராம் சுமார். இலைமேல் பத்து துகள் இருந்தால் அதுவே மாதிரியில் ஒரு சதவீதத்துக்கு மேல். தனுஷ்கோடிப் பக்கத்து இலைகளை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டே வெட்டுங்கள்.

பத்து வட்டையும் சேர்த்து எடை போட்டு எழுதுங்கள். இது பச்சை எடை. வெட்ட ஆரம்பித்ததிலிருந்து எடை எழுதும் வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

ஊறவைத்தல்

கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி வட்டுகளை மிதக்க விட்டு மூடுங்கள். மங்கலான வெளிச்சம், 25 டிகிரி சுமார், நான்கு மணி நேரம். இது வழக்கமான அளவு. நம் பக்கத்து அறைகள் கோடையில் 33, 34 டிகிரி காட்டும். அந்தச் சூட்டில் இலை வேகமாக மூச்சுவிட்டுத் தன் மாவுச்சத்தையே எரிக்கும், உலர் எடை குறையும். ஏ.சி. அறை இல்லாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். ஒரு நாள் அறையில் நான்கு மணி நேரம், மறுநாள் ஃபிரிட்ஜில் பன்னிரண்டு மணி நேரம் என்று மாற்றினால் இரண்டு நாள் எண்களையும் ஒப்பிட முடியாது.

புதிய பயிரில் ஆரம்பிக்கும்போது ஒருமுறை சோதனை ஓட்டம் செய்து பார்ப்பது அவசியம். கூடுதலாக ஒரு தட்டு வைத்து 2, 4, 6, 8 மணியில் எடை பாருங்கள். முதலில் எடை வேகமாக ஏறும், பிறகு வளைந்து, மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். முதல் ஏற்றம் தாகம் தீர்ப்பது. பின்னால் வரும் மெதுவான ஏற்றம் வளர்ச்சியும் காற்றிடத்தில் புகும் தண்ணீரும். வளைவு விழும் நேரம்தான் உங்கள் பயிருக்கு ஊறும் நேரம்.

ஒற்றி எடுத்தல்

ஊறிய வட்டை இடுக்கியால் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் தொங்கும், ஓரத்தில் ஒரு வளையமாகத் தண்ணீர் நிற்கும். அந்த வளையம்தான் எமன். பத்து வட்டுக்கும் சேர்த்து 10 மில்லிகிராம் தண்ணீர் ஒட்டியிருந்தால் ஊறிய எடை 0.187-க்குப் பதில் 0.197 ஆகும், ஒப்பு நீர் அளவு 78.1-லிருந்து 73.5-க்கு விழும். பயிரை இருப்பதைவிட அதிகத் தாகத்தில் வாடுவதாகக் காட்டிவிடும்.

மறுபக்கமும் ஆபத்து உண்டு. அழுத்தித் துடைத்தால் இலைக்குள் இருந்த தண்ணீரே வெளியே வரும். ஆகவே இரண்டு மடிப்பு ஃபில்டர் பேப்பர், மேல் ஒன்று கீழ் ஒன்று. நடுவில் வட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மேலே 200 கிராம் எடையுள்ள தட்டையான பொருளைப் பத்து விநாடி வையுங்கள். காகிதத்தை மாற்றி இன்னொரு பத்து விநாடி. ஒரே கையே எல்லா மாதிரிகளையும் ஒற்றட்டும். இரண்டு பேர் பங்குபோட்டால் கைக்குக் கை எண் மாறுவதைத் தாளிலேயே பார்க்கலாம். ஒற்றியதும் எடை: இது ஊறிய எடை.

காயவைத்தல்

அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் செய்து, குண்டூசியால் எண் கீறி, காலியாக எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காகித உறை வேண்டாம். காகிதமே ஈரம் குடிக்கும், பேனா மையும் மங்கும்.

மெல்லிய இலைக்கு 80 டிகிரியில் 24 மணி நேரம், தடித்த இலைக்கு 48, சதைப்பற்றுள்ள கடலோரச் செடிகளுக்கு 72. கணக்கு மணி நேரத்தில் முடிவதில்லை. நான்கு மணி இடைவெளியில் இரண்டு எடை பார்த்து, வித்தியாசம் 1 மில்லிகிராமுக்குள் வந்தால்தான் காய்ந்தது. 50 டிகிரியில் மெல்லக் காயவைத்தால் இலை சாகும்வரை மூச்சுவிட்டு எடையைத் தின்னும். 100-க்கு மேல் ஏற்றினால் வாசனை எண்ணெய் போன்றவையும் ஆவியாகித் தண்ணீர் கணக்கில் சேர்ந்துவிடும். மொட்டைமாடி வெயிலை நம்ப வேண்டாம். வெயிலில் சருகானாலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ற தண்ணீர் இலைக்குள் தங்கியே இருக்கும்.

கரண்ட் போனால் ஓவனைத் திறக்காதீர்கள். மூடியபடியே வைத்து, நின்ற நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓவனிலிருந்து எடுத்ததும் டெசிகேட்டருக்குள் 30 நிமிடம் ஆறவிட வேண்டும். சூடாகத் தராசில் வைத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். வெளியே ஆறவைத்தால் ஈரம் ஏறும். ஒவ்வொன்றாக எடுத்து, டப்பாவை உடனே மூடி, அரை நிமிடத்துக்குள் எடை எழுதுங்கள். தராசின் எண் ஏறிக்கொண்டே போனால் கண்ணெதிரே இலை ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம்; முதலில் நின்ற எண்ணை எழுதுங்கள்.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது? நம் உதாரணத்தில் 0.027 கிராம் உலர் எடை 0.030 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு கிராம் உலர் எடைக்கு 4.63 கிராம் தண்ணீர் என்பது 4.07 ஆகச் சரியும். பச்சை எடைச் சதவீதம் 82.2-லிருந்து 80.3. ஒப்பு நீர் அளவோ 78.1-லிருந்து 77.7-க்குத்தான் நகரும், ஏனென்றால் உலர் எடை மேலும் கீழும் கழிபடுகிறது. ஈரக்காற்று வீசும் ஊரில் இந்த எண்ணை நம்புவதற்கு இது இன்னொரு காரணம். பச்சை எடையில் பிழை வந்தால் அது மன்னிக்காது: வழியில் 5 மில்லிகிராம் போயிருந்தால் 78.1 நேராக 75.0 ஆகும். ஆக, கவனத்தைப் பறிப்பதிலும் ஒற்றுவதிலும் செலவழியுங்கள். ஓவனில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

கணக்கும் அதைப் படிப்பதும்

ஒப்பு நீர் அளவு = (பச்சை எடை − உலர் எடை) ÷ (ஊறிய எடை − உலர் எடை) × 100.

பரப்புக் கணக்குக்கு வட்டின் பரப்பு வேண்டும். 1 செ.மீ. விட்டத்துக்கு 0.785 சதுர செ.மீ., பத்து வட்டுக்கு 7.85. நம் இலையில் 125 மில்லிகிராமை 7.85-ஆல் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 15.9 மில்லிகிராம். அந்த இலையில் உள்ள தண்ணீரை அதே பரப்பில் பரப்பினால் 0.159 மி.மீ. தடிமன் நிற்கும் என்று பொருள். முழு இலை எடுத்தவர்கள் ஏ4 தாளில் இலையை வரைந்து வெட்டி, தாளை எடை போடலாம். அதே தாளில் 10 செ.மீ. சதுரத் துண்டையும் அப்போதே எடை போட்டு ஒப்பிடுங்கள். காகிதமும் ஈரம் குடிப்பதால் தாள்கட்டின் உறையில் அச்சடித்த கிராம் எண்ணை நம்பக் கூடாது.

பெரும்பாலான பயிர்களில் 95-க்கு மேல் நிரம்பிய நிலை. 80, 90-களில் சுகமாக இருக்கிறது. 60-லிருந்து 70-க்குள் கண்ணுக்கே வாட்டம் தெரியும். 40 பக்கம் போனால் இலை செத்துக்கொண்டிருக்கிறது. 100-ஐத் தாண்டினால் செடியை மெச்ச வேண்டாம். பனி ஒட்டிய இலையை எடை போட்டிருப்பீர்கள், அல்லது ஊறிய வட்டை அழுத்தித் துடைத்திருப்பீர்கள்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், மழையை நம்பி விதைக்கும் பயிர். தை பிறந்து மழை நின்றபின் வாரம் ஒருமுறை விடியல் அளவு எடுத்தால், இலை தொங்குவதற்கு முன்பே எண் இறங்குவது தெரியும். கண்ணுக்கு முன் தராசு சொல்லும் என்பதுதான் இந்த வேலையின் பலன்.

உப்பில் வாழும் செடிகள்

மேலே சொன்ன முறையை அலையாத்திக் காட்டுக்குள் அப்படியே கொண்டுபோகக் கூடாது. காரங்காடு கழிமுகத்தில் நிற்கும் வெண்கண்டல் இலையை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மேல்பரப்பில் சீனி தூவியதுபோல் உப்புப் பரல் மின்னும். இலை தன் உப்புச் சுரப்பிகள் வழியே வெளித்தள்ளியது அது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். ஆகவே காலையில் அதே இலை வியர்த்தாற்போல் நனைந்திருக்கும். அந்த நனைவு காற்றிலிருந்து வந்தது, இலைக்குச் சொந்தமில்லை. எடை போட்டால் தண்ணீரும் கூடும், உலர் எடையும் கூடும்.

நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் இரு பக்கமும் ஒரு துடைப்பு, உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, இரண்டும் இலை மரத்தில் இருக்கும்போதே. அதன்பிறகு கவர். இலையைத் தண்ணீரில் முக்கிக் கழுவினால் கழுவும்போதே குடித்துவிடும்.

வெண்கண்டல் இலையின் அடிப்பக்கம் வெளிறி, நுண்ணிய மயிர் அடர்ந்திருக்கும். வட்டு வெட்டி மிதக்கவிட்டால் அந்த மயிருக்குள் தண்ணீர் தங்கி, எவ்வளவு ஒற்றினாலும் போகாது. இதற்குக் காம்பு முறை நல்லது. முழு இலையைக் காம்போடு எடுத்து, காம்பின் நுனியைத் தண்ணீருக்கடியில் வைத்து அரை செ.மீ. மறுபடி வெட்டி, சிறு குப்பியில் காம்பு மட்டும் முழுகும்படி நிறுத்துங்கள். மேலே கவரால் மூடி இரவு முழுக்க இருட்டில் விடுங்கள். நீருக்கடியில் வெட்டாவிட்டால் குழாய்க்குள் காற்று அடைத்து இலை குடிக்காது. கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடிக்கும் இதே வழிதான், வேறு காரணத்துக்காக: வெட்டிய இடமெல்லாம் பால் வடியும், வட்டுகள் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

உப்பளப் பாத்தி ஓரங்களில் முளைக்கும் உமரிக்கு ஒப்பு நீர் அளவு போடுவதையே விட்டுவிடலாம். அதன் செல் சாற்றில் உப்பு நிறைந்திருப்பதால் நல்ல தண்ணீரில் போட்டதும் அளவுக்கு மீறிக் குடித்து வீங்கும், போகப்போக உப்பைக் கசியவிடும். ஊறிய எடையும் பொய், உலர் எடையும் பொய். கோதுமை, வாற்கோதுமையிலேயே வறட்சிக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட இலைகளில் ஊறிய எடை அதிகமாக வந்து ஒப்பு நீர் அளவு குறைத்துக் காட்டுகிறது என்று 2008-இல் எழுதியிருக்கிறார்கள். உமரியில் கேட்கவே வேண்டாம்.

உமரிக்குச் சாம்பல் கழித்த கணக்குப் பொருந்தும். காய்ந்த மாதிரியை மஃபிள் ஃபர்னஸில் 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போடுங்கள். 10 கிராம் பச்சை உமரி காய்ந்து 1.5 கிராம் ஆகி, அதில் 0.6 கிராம் சாம்பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் உலர் எடைக்குத் தண்ணீர் 5.7 கிராம், சாம்பலைக் கழித்தால் 9.4. இரண்டு உப்பளங்களின் உமரியை ஒப்பிடும்போது சாம்பலைக் கழிக்காவிட்டால், உப்பு அதிகம் சேர்த்த செடி தண்ணீர் குறைந்ததாகத் தோன்றிவிடும். எரிப்பதற்கு முன்னும் ஒரு எச்சரிக்கை: உப்பு நிறைந்த இந்தக் காய்ந்த தூள் மிளகாய் இலையைவிடப் பலமடங்கு வேகமாக ஈரம் இழுக்கும். மழைநாளில் எடை போட வேண்டாம்.

அலையாத்தி இலையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பதால் அது சொகுசாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். கடல்நீர் தன் தண்ணீரை விடாமல் பிடித்திருக்கும் இழுவை மைனஸ் 2.5 மெகாபாஸ்கல் சுமார் (மெகாபாஸ்கல் அழுத்தத்தின் அலகு; எண் கீழே போகப்போக இழுவை பலம்). அதிலிருந்து தண்ணீர் எடுக்க இலை அதைவிடக் கீழே இழுக்க வேண்டும். 1965-இல் உடலியல் ஆய்வாளர் ஷோலாண்டரின் குழு அழுத்தக் கலத்தில் அலையாத்திக் கிளைகளை வைத்து இந்த இழுவையை அளந்து காட்டியது. எவ்வளவு தண்ணீர் என்பதும் எவ்வளவு சிரமத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்குத் தராசில் பதில் கிடையாது. ஸ்பேட் மீட்டரிலும் கிடையாது. அது இலையின் பச்சையத்தை அளக்கும் கருவி.

காரங்காட்டிலும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் வனத்துறை எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது.

பனை ஓலை

ஏறத் தேவையில்லாத வடலியில் (இளம் பனையில்) எடுங்கள். குருத்தோலையும் சாரோலையும் (விரிந்த பச்சை ஓலையும்) தனித்தனிக் கணக்கு. குருத்தில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. ஓலையின் நடுப்பகுதியில் ஈர்க்கை நீக்கி 5 செ.மீ. நீளத் துண்டுகளாக ஐந்து வெட்டுங்கள். மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் வெட்டு முனை வழியேதான் புகும். நான்கு மணி போதாது, ஒரு நாள்கூட ஆகலாம். சோதனை ஓட்டம் இல்லாமல் பனையைத் தொடாதீர்கள். ஈர்க்கை விட்டுவைத்தால் அது உலர் எடையைக் கூட்டி ஓலையின் கணக்கை மறைத்துவிடும்.

ஓவன் இல்லாதபோது

மைக்ரோவேவில் செய்யலாம், முழு இலைகளாக 5 முதல் 10 கிராம் எடுத்தால். உள்ளே ஒரு ஓரத்தில் அரை டம்ளர் தண்ணீர் வையுங்கள். இலை காய்ந்தபின் மிச்சச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். அலுமினியக் கிண்ணம் உள்ளே போகக் கூடாது, பீங்கான் தட்டுதான். நடுத்தரச் சூட்டில் இரண்டு நிமிடம், எடை. பிறகு அரை அரை நிமிடமாக, எடை மாறாமல் நிற்கும்வரை. இது பச்சை எடைச் சதவீதத்துக்கு ஆகும்; உமரி, வெண்கண்டல் போன்ற உப்பு இலைகளுக்கு வேண்டாம், ஓரிடத்தில் மட்டும் சூடேறிக் கருகும். புகை வாசனை வந்தால் உலர்பொருளே எரிய ஆரம்பித்துவிட்டது. அந்த எடையை எழுதாமல் வேறு இலை பறித்து முதலிலிருந்து தொடங்குங்கள்.